இடைச்செருகல்

ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் கிரெனோபில் என்றொரு பிரெஞ்சு நகரம் இருக்கிறது. 1980-களின் பிற்பகுதியில் அங்கே ஒரு சோதனைச்சாலைக் குப்பியில் சில செல்கள் வளர்ந்துகொண்டிருந்தன. மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் நோயாளி ஒருவரின் முதுகில் ஊசி இறக்கி எடுத்த தண்டுவட நீரிலிருந்து வந்தவை. மூளையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வைச் சேர்ந்தவை. குறிப்பேட்டில் அவற்றின் பெயர் எல்.எம்-7. ஹெர்வே பெரோன் என்ற இளம் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அந்தச் செல்கள் மிதந்த நீரைச் சோதித்தார்கள். அங்கே இருக்கக் கூடாத ஒரு நொதி இருந்தது.

நம் உடம்பில் செய்தி போகும் திசை பெரும்பாலும் ஒன்றுதான். டி.என்.ஏ.வில் எழுதியிருப்பதை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுப்பது, அதைப் பார்த்துப் புரதம் செய்துகொள்வது. இந்த நொதியோ எதிர்த்திசையில் வேலை செய்யும், ஆர்.என்.ஏ.வைப் பார்த்து டி.என்.ஏ. எழுதும். 1970-இல் ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியே இதைக் கண்டுபிடித்தபோது உயிரியல்காரர்கள் வாயடைத்துப் போனார்கள். ஐந்தே ஆண்டில் நோபெல் பரிசு வந்தது. இப்படித் தலைகீழாக எழுதத் தெரிந்ததை வைத்தே பிழைக்கும் வைரஸ்களுக்கு ரெட்ரோவைரஸ் என்று பெயர். எய்ட்ஸ் நோயைத் தரும் எச்.ஐ.வி. அந்த இனம்தான்.

எச்.ஐ.வி.யைப் பாரிஸில் பிடித்தது 1983-இல். உலகமே ரெட்ரோவைரஸ் என்ற சொல்லைக் கேட்டாலே நடுங்கிய காலம் அது. காரணம் தெரியாத ஒரு நரம்பு நோயாளியின் நீரில் அதே நொதி கிடைத்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? மின்னணு நுண்ணோக்கியில் வைரஸ் போன்ற துகள்களும் தெரிந்தன. 1989-இல் கட்டுரை வந்தது. 1991-இல் வேறு சில நோயாளிகளிடமும் இதையே கண்டதாக ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். ஆனால் அந்த வைரஸ் எது, எங்கிருந்து வந்தது, யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்ற எதற்கும் விடை இல்லை. துகள்கள் மிகக் குறைவு. குப்பியில் பெருகவும் மறுத்தன. அதன் எழுத்துகளைக் கூட்டிப் படித்து 1997-இல் வெளியிடுவதற்குள் எட்டு ஆண்டுகள் ஓடிவிட்டன.

படித்த பிறகுதான் விஷயம் விளங்கியது. அதன் உறவுக்காரர்கள் வேறெங்கும் இல்லை, நம் டி.என்.ஏ.வுக்குள்ளேயே இருந்தார்கள். நோயாளிகளுக்குள் மட்டுமல்ல, சோதித்த மருத்துவருக்குள், குப்பியைக் கழுவியவருக்குள், இதைப் படிக்கும் உங்களுக்குள்ளும். தொற்ற வேண்டிய அவசியமே இல்லாத ஒரு வைரஸ். 1999-இல் அந்தக் குடும்பத்துக்கு ஹெர்வ்-டபிள்யூ என்று பெயரிட்டார்கள். ‘மனிதனுக்கு உள்ளேயே பிறக்கும் ரெட்ரோவைரஸ்’ என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்து ஹெர்வ் ஆயின. வைரஸ் தலைகீழாக எழுதத் தொடங்கும்போது டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தைச் சுமக்கும் மூலக்கூறு ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். வேதியியலில் அந்த அமிலத்தின் குறியெழுத்து டபிள்யூ. கண்டுபிடித்தவரின் முதற்பெயரும் ஹெர்வே என்பது வெறும் தற்செயல். ஆனால் பெயர் ராசியில் நம்பிக்கை உள்ளவர்களிடம் இதைச் சொல்லாமல் இருப்பது நல்லது.

*

இனிக் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். அப்போது மனிதன் கிடையாது. ஆப்பிரிக்க, ஆசியக் குரங்குகளுக்கும் மனிதக் குரங்குகளுக்கும் நமக்கும் பொதுவான முன்னோர் மரத்தில் வாழ்ந்த காலம். இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கும் முன். ஒரு ரெட்ரோவைரஸ் அந்த முன்னோர்களிடையே தொற்றிப் பரவியது. தொற்றிய செல்லின் டி.என்.ஏ.வை வெட்டி அதற்குள் தன்னைச் செருகிக்கொள்வது ரெட்ரோவைரஸின் பழக்கம். வழக்கமாக அந்தச் செல் செத்தால் செருகலும் செத்துப்போகும். ஒரு தடவை அது விந்துச் செல்லிலோ கருமுட்டைச் செல்லிலோ போய்ச் செருகிக்கொண்டது. அந்தச் செல்லிலிருந்து பிறந்த குட்டியின் ஒவ்வொரு செல்லிலும் அது இருந்தது, அதன் குட்டிகளிலும் இருந்தது. நோயாக நுழைந்தது சொத்தாகக் கைமாறத் தொடங்கியது.

இதைக் கண்ணால் கண்டவர் இல்லை. ஆனால் இதே நாடகம் இப்போது வேறொரு மரத்தில் நடக்கிறது. ஆஸ்திரேலியாவின் கோலாக்களிடையே ஒரு ரெட்ரோவைரஸ் பரவிவருகிறது. ரத்தப் புற்றுநோயோடு தொடர்புடையது. குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், வடக்கே சோதித்த கோலாக்கள் எல்லாவற்றின் டி.என்.ஏ.விலும் அது குடியேறியிருந்தது; பெற்றோரிடமிருந்து குட்டிகளுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. தெற்கே போகப்போக அந்த அளவு குறைந்தது. கங்காரு தீவில் அது தீண்டாத கோலாக்களும் இருந்தன. நம் முன்னோருக்கு நேர்ந்தது என்ன என்று அறிய, யூகலிப்டஸ் மரத்தை அண்ணாந்து பார்த்தால் போதும்.

கோடி ஆண்டுக் கணக்கை எப்படிப் போடுகிறார்கள் என்று கேட்கலாம். உ.வே.சாமிநாதையர் ஒரு நூலின் பல ஏட்டுப் பிரதிகளை எதிரெதிரே வைத்துப் பாடபேதங்களைக் குறித்தது போலத்தான். ரெட்ரோவைரஸ் செருகிக்கொள்ளும்போது அதன் முன்னும் பின்னும் ஒரே பத்தி இரண்டு முறை எழுதப்படும். செருகிய அன்று இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. பிறகு தலைமுறைதோறும் படியெடுக்கும்போது பிழைகள் சேரும். முன்பத்தியில் வேறு பிழை, பின்பத்தியில் வேறு பிழை. இரண்டுக்கும் நடுவே இன்று எத்தனை வேறுபாடு என்று எண்ணி, இரண்டிலும் சேர்ந்து பிழை விழும் வேகத்தால் வகுத்தால் வயது கிடைக்கும். ஒரே செருகல் எந்தெந்த விலங்குகளில் அதே இடத்தில் இருக்கிறது என்று பார்ப்பது இன்னொரு வழி.

நம் டி.என்.ஏ. என்ற ஏட்டுக்கட்டில் இப்படி வந்து செருகிய பழைய ரெட்ரோவைரஸ்களின் பங்கு சுமார் 8 விழுக்காடு. புரதம் செய்யச் சொல்லும் நம்முடைய ‘சொந்த’ வரிகள் ஏறத்தாழ 2 விழுக்காடுதான். மூலத்தைவிட இடைச்செருகல் நான்கு மடங்கு! கம்பராமாயணப் பதிப்பாசிரியர்கள் ஐயத்துக்குரிய பாடல்களை மிகைப்பாடல்கள் என்று ஒதுக்கித் தனியே அச்சிட முடிந்தது. இங்கே அப்படிச் செய்தால் மிச்சம் இருப்பது நாமாக இருக்காது.

டபிள்யூ குடும்பத்தின் பிரதிகள் நம்மிடம் 200-க்கும் மேல். இவற்றில் பெரும்பகுதியை அந்த வைரஸ் தானே செருகவில்லை. லைன்-1 என்று இன்னொரு குடியிருப்பாளர் நம் டி.என்.ஏ.வில் உண்டு, வைரஸ் அல்ல, தன்னைத்தானே படியெடுத்து இடம் மாற்றிக்கொள்ளும் ஒரு துண்டு. அது தன் சாமான்களோடு அடுத்த வீட்டுச் சாமான்களையும் வண்டியில் ஏற்றிவிட்டது. அப்படி ஊர் மாறிய பிரதிகள் தலையும் வாலும் அறுந்தவை. மற்றவையும் காலப்போக்கில் எழுத்துப்பிழைகளால் சிதைந்தன. இன்று டபிள்யூ குடும்பத்தின் எந்தப் பிரதியாலும் தனியாக நின்று தொற்றும் வைரஸை உருவாக்க முடியாது.

சிதைந்த எழுத்தையும் செல் நம்புவதில்லை. மெத்தில் என்ற சிறு வேதிக்குறிகளை அந்த வரிகளின் மேல் ஒட்டி, ‘படிக்காதே’ என்று ஒதுக்கிவைக்கிறது. ஏட்டைச் சுற்றிக் கயிறு கட்டி முடிச்சுப் போட்டுப் பரணில் வைப்பது மாதிரி. முடிச்சு என்றால் அவிழவும் கூடும். வீக்கம், முதுமை, புற்றுநோய், வேறு வைரஸ்களின் தொற்று என்று அவிழ்க்கும் விரல்கள் பல.

*

ஒரு முடிச்சு மட்டும் வேண்டுமென்றே அவிழ்க்கப்படுகிறது.

2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ‘நேச்சர்’ இதழில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸைச் சேர்ந்த ஒரு குழு எழுதியது: மனித நஞ்சுக்கொடியில் ஏராளமாகச் சுரக்கும் ஒரு புரதம், 7-ஆம் குரோமோசோமில் இருக்கும் ஹெர்வ்-டபிள்யூ பிரதி ஒன்றின் உறைப்புரதம். சின்சிட்டின் என்று பெயர் வைத்தார்கள். பிரான்சில் லியோன் நகரத்துக் குழுவும் ஏறக்குறைய அதே நேரத்தில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. கிரெனோபிலில் நோய்க்காகத் தேடப்பட்ட குடும்பத்தின் ஆள் ஒருவர் பிரசவ அறையில் அரசாங்க உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தார்.

உறைப்புரதம்தான் வைரஸின் சாவி. செல்லின் சவ்வோடு தன் சவ்வை ஒட்டி ஒன்றாக்கி உள்ளே நுழைய அது பயன்படும். நஞ்சுக்கொடிக்கு வேண்டியதும் அதே வித்தைதான். தாயின் ரத்தத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் அதன் மேற்பரப்பில் செல்களுக்கு நடுவே சந்தே இருக்கக் கூடாது. அங்கே செல்கள் ஒன்றோடொன்று கலந்து, சுவரில்லாத ஒரே பெருஞ்செல்லாக விரிகின்றன. அந்தக் கலப்பைச் செய்ய வைரஸின் சாவி கைகொடுக்கிறது. எலிகளுக்கும் இப்படிச் சின்சிட்டின் உண்டு. ஆனால் அது முற்றிலும் வேறொரு வைரஸிடமிருந்து, தனியாக வாங்கியது. பாரிஸை அடுத்த வில்ழுயிஃபில் தியெரி ஹைட்மான் குழுவினர் 2009-இல் எலியின் சின்சிட்டின்களில் ஒன்றை நீக்கிப் பார்த்தார்கள். குட்டிகள் கருவிலேயே இறந்தன. முயல், நாய்-பூனை, ஆடுமாடு என ஒவ்வொரு கூட்டமும் தனக்கு அகப்பட்ட வைரஸிடமிருந்து இதே கருவியைப் பறித்துக்கொண்டிருக்கிறது.

வைரஸ் என்ற லத்தீன் சொல்லுக்கு நஞ்சு என்று பொருள். தமிழில் பேறுகால உறுப்புக்கு நஞ்சுக்கொடி என்று பெயர். நம் ஊர்ப் பிரசவங்களில் ‘நஞ்சு விழுந்துருச்சா?’ என்று கேட்பதும் உண்டு. சொல்லுக்கும் செய்திக்கும் தொடர்பில்லை. ஆனாலும் அந்தக் கேள்வியை இனி முன்பு போலக் கேட்க முடியவில்லை.

*

மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்ற நோயைத் தெளிவாகப் பிரித்து விவரித்தவர் பாரிஸின் சால்பெட்ரியேர் மருத்துவமனையைச் சேர்ந்த ஜான் மார்ட்டின் ஷார்க்கோ. ஆண்டு 1868. இறந்தவர்களின் மூளையை அறுத்தபோது அங்கங்கே கெட்டித்துப்போன திட்டுகள் இருந்தன. நரம்பிழைகளின் மேல் மயலின் என்ற கொழுப்புறை உண்டு. மின்கம்பியின் பிளாஸ்டிக் உறை மாதிரி. உடம்பின் காவற்படையே அந்த உறையை அரித்துத் தின்கிறது. கண் மங்கும், கால் மரக்கும், நடை தடுமாறும். சில மாதம் தேறும், திரும்பவும் தாக்கும். பெரும்பாலும் 20-இலிருந்து 40 வயதுக்குள் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். இன்று உலகில் 28 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த நோய் இருக்கிறது.

டபிள்யூவின் உறைப்புரதத்தை இந்நோயாளிகளின் மூளைத் திட்டுகளில் பலமுறை கண்டிருக்கிறார்கள். கண்டதனால் குற்றவாளி ஆகிவிடாது. தீப்பிடித்த வீட்டின் முன்னால் நின்ற எல்லோரும் கொளுத்தியவர்கள் அல்ல. அது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். 2006-இல் பெரோன் குழுவினர் ஒரு வழியைக் காட்டினார்கள். பாக்டீரியா வந்தால் அலறும் டி.எல்.ஆர்-4 என்ற எச்சரிக்கை மணி நம் காவல்செல்களின் மேல் இருக்கிறது. டபிள்யூவின் உறைப்புரதம் அந்த மணியை அடிக்கிறது. ஜெர்மனியின் டுசல்டார்ஃபில் பாட்ரிக் கியூரியின் சோதனைச்சாலை இன்னொன்றைக் கண்டது. மயலினைச் சுற்றித்தரும் செல்களுக்கு ஆலிகோடென்ட்ரோசைட் என்று பெயர். அவற்றின் இளம்பருவச் செல்கள் மூளையில் காத்திருந்து, உறை கிழிந்த இடத்தில் முதிர்ந்து ஒட்டுப்போடும். உறைப்புரதம் பட்டால் அவை முதிராமல் நின்றுவிடுகின்றன. வீட்டை இடிப்பது ஒன்று, கொத்தனாரை வேலைக்கு வரவிடாமல் தடுப்பது இன்னொன்று. இரண்டாவதுதான் எனக்கு அதிகம் கவலை தருகிறது. ஏனென்றால் இன்று கைவசம் இருக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை இடிப்பவர்களைத்தான் அடக்குகின்றன.

முடிச்சை அவிழ்த்த விரல் எது? இத்தாலியின் சார்தீனியா தீவில் இந்த நோய் மிக அதிகம். அங்கே சஸ்ஸாரி நகரத்தில் அந்தோனினா தொலெய் குழுவினர் எப்ஸ்டைன்-பார் வைரஸைப் பிடித்தார்கள். பெரியவர்களில் 100-க்கு 95 பேரிடம் சத்தமில்லாமல் குடியிருக்கும் வைரஸ் அது. அதன் மேற்புரதம் பட்டாலே ரத்தச் செல்களிலும் மூளையின் துணைச்செல்களிலும் டபிள்யூ விழித்துக்கொள்கிறது என்று 2012-இல் எழுதினார்கள். பத்தாண்டு கழித்து ஹார்வர்டிலிருந்து வந்த ஆய்வு அந்த வைரஸை நேரடியாகவே நோயின் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர்களின் ரத்த மாதிரிகள். அவர்களில் நோய் வந்தவர்கள் 955 பேர். எப்ஸ்டைன்-பார் தொற்றிய பின் நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு. இதற்குப் பிறகு பலர் ‘வெளியாள் கிடைத்துவிட்டான், வீட்டுக்குள் தேடுவானேன்?’ என்றார்கள். அவசரம் என்றுதான் சொல்வேன். 100-க்கு 95 பேரிடம் இருக்கும் வைரஸ் ஆயிரத்தில் ஒருவரைக்கூடத் தாக்காமல் விடுவது ஏன் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. அந்தக் கேள்வியின் இடைவெளியில் டபிள்யூவுக்கும் இடம் உண்டு.

எச்.ஐ.வி. மருந்துகள் பக்கத்திலிருந்தும் ஒரு வெளிச்சம் வந்தது. சிட்னியின் ஜூலியன் கோல்டும் பிரிட்டிஷ் ஆய்வாளர்களும் இங்கிலாந்தின் மருத்துவமனைப் பதிவுகளைப் புரட்டினார்கள். எச்.ஐ.வி. உள்ள 21,207 பேரிடம் மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் வரும் விகிதம் மற்றவர்களோடு ஒப்பிட்டால் 0.38 பங்குதான் என்று 2015-இல் வெளியிட்டார்கள். ரெட்ரோவைரஸ் மருந்து பழைய ரெட்ரோவைரஸையும் அடக்குகிறதோ? ஆனால் எச்.ஐ.வி. காவற்படையையே குலைத்துவிடுவதால் அரிப்பு குறைந்திருக்கவும் கூடும். இரண்டையும் பதிவேடு பிரித்துக் காட்டாது. லண்டனில் 20 நோயாளிகளுக்கு ரால்டெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள், திட்டுகளில் மாற்றமில்லை. அந்த மருந்து வைரஸ் டி.என்.ஏ.வுக்குள் செருகுவதைத் தடுப்பது. இரண்டரைக் கோடி ஆண்டுகளாக உள்ளே இருப்பவருக்கு வாசலைப் பூட்டி என்ன பயன்?

*

பெரோன் வேறு வழி எடுத்தார். வைரஸைத் தடுக்க வேண்டாம். அது செய்யும் உறைப்புரதத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். அந்தப் புரதத்தின் மேல் மட்டும் ஒட்டும் எதிர்ப்பொருள் ஒன்றை உருவாக்கினார்கள். பின்னாளில் டெமெலிமாப் என்று பெயர் பெற்றது. ஜெனீவாவில் 2006-இல் ஜெனியூரோ என்ற நிறுவனமும் தொடங்கினார்கள். ஐரோப்பாவில் 270 நோயாளிகள் சேர்ந்த சோதனையின் முதல் முடிவு 2017-இல் வந்தது. 24 வாரத்தில் மூளைப் படங்களில் புதிய வீக்கத் திட்டுகள் குறைகின்றனவா என்பதுதான் கேள்வி. குறையவில்லை.

48 வாரம் ஆனபோது வேறொன்று தெரிந்தது. அதிக அளவு மருந்து பெற்றவர்களின் மூளை சுருங்குவது சற்றுக் குறைந்திருந்தது போல் இருந்தது. இடிப்பு நிற்கவில்லை, கொத்தனார் வந்திருக்கிறார் என்று அதை வாசித்தார்கள். வாசிக்கலாம். ஆனால் எய்த குறி தவறியபின் அம்பு விழுந்த இடத்தைச் சுற்றி வட்டம் வரைவதில் உள்ள ஆபத்தை மருந்துச் சோதனைக்காரர்கள் நன்றாக அறிவார்கள். முன்கூட்டிச் சொன்ன குறியை அது தாண்டவில்லை. தோற்ற சோதனை என்றுதான் கணக்கு.

இடையில் கொரோனா வந்தது. அந்த வைரஸின் கூர்முள் புரதமும் சிலரது ரத்தச் செல்களில் டபிள்யூவை எழுப்புகிறது என்று கண்டார்கள். கொரோனா போன பிறகும் மாதக்கணக்கில் சோர்வும் மூளைக் குழப்பமுமாகத் தவித்தவர்களில், ரத்தத்தில் டபிள்யூவின் உறைப்புரதம் இருந்த 203 பேரைத் தேர்ந்தெடுத்து, சிலருக்கு டெமெலிமாப்பும் மற்றவர்களுக்குப் போலி மருந்தும் கொடுத்தார்கள். 2024 ஜூனில் முடிவு வந்தது. இரு சாராருக்கும் வித்தியாசமில்லை.

கே என்றொரு தம்பி இருக்கிறான், ஹெர்வ்-கே. குடும்பத்தில் கடைசியாக வந்தவன். சில பிரதிகள் மனிதன் தனி இனமாகப் பிரிந்த பிறகு செருகியவை. அதனால் பிழைகள் குறைவு; சிதைந்த பிரதிகளை ஒப்பிட்டு மூலபாடத்தை மீட்டு, 2006-இல் ஹைட்மான் குழுவினர் அதற்கு உயிரே கொடுத்துவிட்டார்கள். ஃபீனிக்ஸ் என்று பெயர். தொற்றவும் செய்தது, பலவீனமாக.

கே மேல் உள்ள வழக்கு ஏ.எல்.எஸ். நோய். ஸ்டீபன் ஹாக்கிங்கைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்த அதே நோய்; இதையும் விவரித்தவர் ஷார்க்கோதான். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் அவிந்திர நாத், லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்தவர். எச்.ஐ.வி. தொற்றியவர்களில் சிலருக்கு ஏ.எல்.எஸ். போலவே வரும் தளர்ச்சி, எச்.ஐ.வி. மருந்து கொடுத்ததும் திரும்பிப் போனதாக 2001-இல் மருத்துவ இதழ்களில் குறிப்புகள் வந்தன. நாத் அந்த நூலைப் பிடித்துப் போனார். 2011-இல், இறந்த ஏ.எல்.எஸ். நோயாளிகளின் மூளையில் கே விழித்திருப்பதையும், 2015-இல் அதன் உறைப்புரதத்தைச் சுரக்கவைத்த எலிகளின் இயக்க நரம்புகள் அழிவதையும் அவருடைய குழு காட்டியது. 2019-இல் லண்டனிலிருந்து மறுப்பு வந்தது: ஜெரமி கார்சன் குழுவினர் இறந்தவர்களின் மூளைத் துண்டுகளை அளந்து, நோயாளிகளிடம் கே கூடுதலாக இல்லை என்றார்கள். இதே கார்சன்தான் 1998-இல் மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் நோயாளிகளின் ரத்தத்தில் டபிள்யூவின் துகளைக் கண்டதாக எழுதிய குழுவில் இருந்தவர். குடும்பத்தின் பகையாளி அல்ல, அளவுகோலை நம்புகிறவர். அவர் சொன்னதை நான் எளிதில் தள்ளமாட்டேன்.

இத்தனைக்கும் நடுவில், 2024 பிப்ரவரியில், கேம்பிரிட்ஜிலிருந்து வந்த ஒரு கட்டுரை முழுக் கதையையும் வேறு பக்கமாகத் திருப்பிவைத்தது. தனய் கோஷும் ராபின் ஃபிராங்க்லினும் அவர்களுடைய குழுவினரும், எலியின் மயலின் செல்களில் ஒரு பழைய ரெட்ரோவைரஸ் துண்டின் ஆர்.என்.ஏ. இருப்பதைக் கண்டார்கள். அதைத் தடுத்தால் மயலினின் முக்கியப் புரதம் உருவாகவில்லை. மயலின் மரபணுவை முடுக்கும் காரணி ஒன்று அந்த ஆர்.என்.ஏ.வோடு சேர்ந்தால்தான் வேலை செய்கிறது. அதே போன்ற துண்டுகள் தாடையுள்ள முதுகெலும்பிகள் எல்லாவற்றிலும் இருந்தன. மீனிலும் தவளையிலும் தடுத்துப் பார்த்தபோதும் மயலின் குறைந்தது. அதற்கு ரெட்ரோமயலின் என்று பெயரிட்டார்கள். அரிக்கப்படும் உறைக்கே ஒரு பழைய வைரஸின் கைவேலை தேவைப்பட்டிருக்கிறது.

*

கிரெனோபில் குப்பிக்குத் திரும்பலாம். அந்தத் துகளின் உறைப்புரதம் நம்மிடம் உள்ள 200-க்கும் மேற்பட்ட பிரதிகளில் எதிலிருந்து வந்தது?

கேள்வி எளிதாகத்தான் தோன்றும். ஆனால் டி.என்.ஏ.வைப் படிக்கும் இயந்திரங்கள் நெடுங்காலம் அதைச் சின்னஞ்சிறு துண்டுகளாக நறுக்கித்தான் படித்தன. ஒரே பாட்டு 200 ஏடுகளில் சிறுசிறு பாடபேதங்களோடு இருக்கும்போது, கிழிந்த ஒரு துணுக்கைக் கையில் கொடுத்து எந்த ஏட்டினது என்று கேட்டால் என்ன சொல்ல? 7-ஆம் குரோமோசோமில் இருக்கும் சின்சிட்டின் இல்லை. அதன் எழுத்துகள் கொஞ்சம் வேறு. அதை வைத்து, நோயாளிகளின் மூளையில் சாயமேற்றிப் பார்த்தவர்கள் சின்சிட்டினைத்தான் டபிள்யூ என்று தவறாகக் கண்டார்களோ என்ற வாதமும் நடந்தது. மிக அருகில் வருவது எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஒரு பிரதி. ஆனால் அதன் 39-ஆவது இடத்தில் ஒரு நிறுத்தற்குறி விழுந்திருக்கிறது; புரதம் செய்யத் தொடங்கும் செல் அங்கேயே நின்றுவிடும். சிலரிடம் அந்தப் பிழை இல்லாமல் இருக்கலாம். பல பிரதிகளின் ஆர்.என்.ஏ.க்கள் ஒன்றோடொன்று கலந்து புதிய பாடம் ஒன்று உருவாகியிருக்கலாம் என்றும் ஜெர்மன் ஆய்வாளர்கள் 2009-இல் எழுதினார்கள்.

மனித டி.என்.ஏ.வை விடுபடாமல் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை படித்து முடித்ததே 2022-இல்தான். அதுவும் ஒரே ஒரு பிரதி. இப்போது நீண்ட ஏடுகளை நறுக்காமலே படிக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. நோயாளிகளின் செல்களில் எந்தப் பிரதியின் முடிச்சு அவிழ்ந்திருக்கிறது என்று இனிமேல்தான் ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். எல்.எம்-7 என்று பெயரிட்ட அந்தச் செல்களைத் தந்தவரின் ஏட்டுக்கட்டை மட்டும் யாரும் முழுதாகப் படித்ததாகத் தெரியவில்லை. அவர் தண்டுவட நீர் கொடுத்த காலத்தில் அப்படிப் படிக்க யாராலும் முடியாது.